புது ஜோடிக்குப் பழைய ஜோடி

ராணுவத்தில் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் இருக்கிறது. மலை அடிவாரத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கில், எலி புகாமல், ஈரம் படாமல், துடைத்துத் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். மலை உச்சியில் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாளத்திடம்தான் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுகிறவர்கள் நிர்வாகம் தெரியாதவர்கள்.

அந்தப் பட்டாளத்துச் சமையல்காரருக்கும் நிர்வாகம் தெரியாது. பனியை அள்ளிப் போட்டு உருக்கி, கொதிக்க வைத்து, காவலிலிருந்து விறைத்துப்போய் வருகிறவனுக்கு ஒரு கிண்ணம் சூடாக ஊற்றத் தெரியும். வாரம் ஒரு முறை ரேஷன் லாரியில் கீழே போய் மாவும் எண்ணெயும் உப்பும் ஏற்றிக்கொண்டு வரத் தெரியும். அவ்வளவுதான். அதே பட்டாளத்தில் அவருடைய தங்கை புருஷனும் சிப்பாயாக இருந்தார். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவரே சமையல்காரர்தான். பட்டாளத்து ஆள் வேண்டாம் என்று தங்கை முரண்டு பிடித்தபோது, "நான் கூடவே இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

மாப்பிள்ளை நல்ல உயரம். பாதமும் அதற்கேற்ற நீளம். பட்டாளத்தில் வேறு யாருடைய பூட்ஸை மாட்டினாலும் அவருக்குக் குதிகால் வெளியே நிற்கும். ஆளுக்கு ஒரே ஒரு ஜோடிதான், அதுவும் போன சண்டைக்கு முந்தைய சண்டையில் கொடுத்தது. ஒரு நாள், பாரம் சுமந்து வந்த கோவேறு கழுதை ஒன்று பனி உருகிய சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை குதித்து, கழுத்தளவு சேற்றில் நின்று அதைத் தள்ளி மேலே ஏற்றினார். கழுதை பிழைத்தது. மாப்பிள்ளையின் இடது பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது. கழுதையைக் காப்பாற்றியதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. பூட்ஸ் வரவில்லை. சமையல்காரர் கிடங்கில் கேட்டுப் பார்க்கக் கிளம்பினார்.

"இந்த வலதையும் கையோட கொண்டு போயிடுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "பழசைக் கண்ணுல காட்டினாத்தான் புதுசு குடுப்பாங்களாம். சாயங்காலம் வரைக்கும் நான் சாக்கைச் சுத்திக்கிட்டுச் சமாளிச்சிருவேன்."

சமையல்காரர் அந்த ஒற்றை பூட்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனார். கவுண்டருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் பூட்ஸ் அடுக்கியிருந்தது. புதுத் தோல் வாசனை மூக்கைத் துளைத்தது. ஸ்டோர்கீப்பர் அன்பான மனிதர். முதலில் உட்காரச் சொன்னார், பிறகு டீ வரவழைத்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

"இன்னொண்ணு எங்க?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"சேத்துல போயிடுச்சுங்க."

"அப்போ இது பூட்ஸ் இல்லையே."

"பூட்ஸ்தாங்க. லேஸ்கூட இருக்கு பாருங்க."

"ஜோடியா இருந்தாத்தாங்க பூட்ஸ். ஒத்தையா இருந்தா வெறும் தோலு. புது ஜோடிக்குப் பழைய ஜோடி, இதான் இங்க விதி. நான் போட்டது இல்லைங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போட்டது."

"சரிங்க. ஜோடி வேணாம். ஒரே ஒரு இடது கால் குடுங்க, போதும்."

ஸ்டோர்கீப்பர் பதறிப்போனார். "ஐயோ, அப்புறம் எங்கிட்ட ஒரு வலது தனியா நிக்குமே? அதை யார் தலையில கட்டுறது? எவனாவது வலது காலைத் தொலைச்சிட்டு வந்தாத்தான் உண்டு. அப்படி ஒருத்தன் தொலைக்கட்டும்னு நான் வேண்டிக்க முடியுமா, சொல்லுங்க?"

அதில் இருந்த மனிதாபிமானத்தைச் சமையல்காரரால் மறுக்க முடியவில்லை. எழுந்து, துணியை மடித்து, பூட்ஸை எடுக்கக் கை நீட்டினார். ஸ்டோர்கீப்பர் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது இருக்கட்டும். ஒத்தைச் சரக்கு ஒண்ணு கிடங்குக்குள்ள வந்துட்டா விசாரணை முடியாம வெளிய விடக் கூடாது."

ஒரு பூட்ஸுக்காகப் போனவர், இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தார். மேலே போய்ச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தார். "விடுங்க மச்சான். ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல சாக்குன்னு நொண்டிக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டும் சமமாயிடுச்சு."

சிரித்தாரே தவிர, அடுத்த காவலுக்கு அதே சாக்கோடுதான் போனார். போகாமல் முடியாது. ஆள் குறைவு.

பட்டாளத்துத் தலைவர் சும்மா இருக்கவில்லை. காலணித் தட்டுப்பாடு என்று மேலே எழுதினார். மேலிடம் உடனே அசைந்தது. அடுத்த லாரியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஓடிப்போய்த் திறந்து பார்த்தார்கள். பூட்ஸ் பாலிஷ். கூடவே, பனிமலையில் கொசுத் தொல்லை இருக்கக்கூடும் என்று கொசுவலைகளும் வந்திருந்தன. "பூட்ஸ் இல்லாட்டி என்ன, காலுக்கே பாலிஷ் போட்டுக்கங்க. தூரத்துல இருந்து பாத்தா தெரியாது," என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தால் கொஞ்சம் சூடு வரும்.

பாலிஷுக்குப் பின்னாலேயே ஓர் அதிகாரியும் வந்தார். பாத நலத்துறையாம். அப்படி ஒரு துறை இருப்பது அன்றைக்குத்தான் பட்டாளத்துக்குத் தெரிந்தது. உள்ளே கம்பளி வைத்துத் தைத்த, முழங்கால் வரை ஏறிய பூட்ஸ் போட்டிருந்தார். காவலுக்குப் போனவர்கள் தவிர மற்றவர்களைப் பனியில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஒரு பலகைமேல் ஏறி நின்று பேசினார்.

"பட்டாளம் எதுல நடக்குது? பாதத்துல! பாதம் நல்லா இருந்தா நாடு நல்லா இருக்கும். ஆனா உங்கள்ல நிறையப் பேரு பூட்ஸைக் கழட்டாமலே படுக்குறீங்க. எல்லாக் கேட்டுக்கும் அதான் காரணம். பாதத்துக்குக் காத்து வேணும். தலைநகரத்துல நாங்க ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது இது. யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். "ஐயா, எனக்குப் பூட்ஸே இல்லைங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாருங்க! எல்லாரும் இவரைப் பாருங்க. பாதம் இல்லாம பூட்ஸ் மட்டும் இருந்தா அது பிரச்சினை. பூட்ஸ் இல்லாம பாதம் மட்டும் இருக்கு. இது நல்ல நிலைமை. வாங்க, முன்னாடி வந்து காட்டுங்க."

மாப்பிள்ளை முன்னால் போய்ச் சாக்கைப் பிரித்தார். இரண்டு கால் விரல்களும் நுனியிலிருந்து கறுத்திருந்தன. சமையல்காரர் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அரசாங்கப் பாலிஷைக் கால்ல பூசி விளையாடுறீங்களா? இதெல்லாம் மக்கள் பணம்."

மாப்பிள்ளை சாக்கைத் திரும்பவும் சுற்றிக்கொண்டார்.

சமையல்காரர் அதற்குப் பிறகு அவரைத் தன் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். கிள்ளிப் பார்த்தார். "வலிக்குதா மாப்ள?" இல்லை என்றார் மாப்பிள்ளை. வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை என்றார். தன் பூட்ஸைக் கழற்றி அந்தக் காலில் மாட்டப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பட்டாளம் கூடி யோசித்தது. பழைய ஜோடிதானே வேண்டும்? செய்துவிடலாம். லாரி டிரைவர் பழைய டயர் ஒன்றைக் கொடுத்தார். கூடாரத் துணியைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, டயரை அடியில் வைத்து ஆணியடித்து, வந்திருந்த பாலிஷையெல்லாம் அப்பி ஒரு ஜோடி செய்தார்கள். போட்டு நடக்க முடியாது. குளிரில் டயர் இரும்பாக விறைத்துத் தோலைக் கிழித்தது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், ரொம்ப அடிபட்ட பூட்ஸ் என்று யாரும் நம்புவார்கள்.

ஸ்டோர்கீப்பர் தள்ளி நின்று பார்க்கவில்லை. கையில் எடுத்தார், தட்டினார், முகர்ந்தார். "இது நாங்க குடுத்தது இல்லையே," என்று வருத்தத்தோடு சொல்லி, சமையல்காரரைக் கிடங்கு அதிகாரியின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி அலமாரியில், சிறந்த கிடங்குக்கான கோப்பைகள் வரிசையாக மின்னின. கிடங்கு அதிகாரி டயர் பூட்ஸை மேசைமேல் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். கோபம் வரப்போகிறது என்று சமையல்காரர் காத்து நின்றார். வந்தது ஆனந்தம்.

"இது நீங்களே செஞ்சதா? உங்க பட்டாளமே செஞ்சதா? அருமை! இதைத்தான் நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருக்கேன். எதுக்கெடுத்தாலும் கிடங்கு, கிடங்குன்னு வந்து நிக்கக் கூடாது. தன் கால்ல தான் நிக்கணும். நான் இந்தக் கிடங்குக்கு வந்த நாள்ல இருந்து ஒரு பொருள் குறைஞ்சது கிடையாது, தெரியுமா? எப்படி சார் முடியுதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. இதுல என்ன ரகசியம் இருக்கு? குடுத்தாத்தானே குறையும்!"

"சார், மேல சனங்க சாகுறாங்க சார்."

"புரியுது, புரியுது. ஆனா நாளைக்கே பெரிய யுத்தம் ஒண்ணு வந்தா என்ன பண்றது? அப்போ கையில இருக்க வேணாமா?"

"இப்ப நடக்கறது யுத்தம் இல்லைங்களா?"

"இது சின்னது."

சமையல்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சார், அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் சார். கால் மரத்துப்போச்சு. கிள்ளினாக்கூடத் தெரியல சார்."

"வலி இல்லைன்னா நல்லதுதானே?" என்றார் கிடங்கு அதிகாரி. உண்மையிலேயே ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு ஸ்டோர்கீப்பர் பக்கம் திரும்பினார். "இந்தப் பட்டாளத்துக்கு வர்ற வருஷம் பூட்ஸ் வேணாம்னு எழுதிடுங்க. அவங்களே செஞ்சுக்கறாங்க."

டயர் பூட்ஸ் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. 'நம் வீரர்களின் சுயசார்பு' என்று ஓர் அட்டை எழுதி வைத்தார்கள். சமையல்காரர் மறுபடியும் வெறுங்கையோடு மலையேறினார். அடுத்த வருஷப் பூட்ஸைப் பட்டாளமே அவரால் இழந்தது என்பதுதான் இந்த முறை அவர் கொண்டுபோன சேதி. யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் கீழே கொண்டுபோக உத்தரவு கிடைத்தது. ரேஷன் லாரியில், காலி மாவுச் சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். சமையல்காரர் அந்தக் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கால்கள் சூடாகவே இல்லை.

ஆஸ்பத்திரி கிடங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகத் தகரக் கூரையைப் பார்க்கலாம். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. முன்னாடியே கொண்டு வந்திருந்தா காலை எடுத்துட்டு ஆளையாவது காப்பாத்தியிருப்பேன்," என்றார். சுற்றி வளைத்துப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது.

"மச்சான், அவளுக்குக் காயிதம் போட்டிருக்கேன். முதல்ல கால் ஜில்லுன்னு இருக்குன்னு எழுதிட்டேன், பயந்துட்டாளாம். அப்புறம், மச்சான் புது பூட்ஸ் வாங்கிக் குடுத்துட்டாரு, இப்ப சூடா இருக்குன்னு எழுதிட்டேன். நீங்க மாத்திச் சொல்லிடாதீங்க."

"ஏன் மாப்ள அப்படி எழுதினீங்க?"

"நீங்க எப்படியும் வாங்கிடுவீங்கன்னுதான்."

மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார். சமையல்காரர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அழுகை ஓய்வதற்குள் ஸ்டோர்கீப்பர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"அவருக்கு என்ன சைஸுங்க?"

அத்தனை நாளில் அதை ஒருவரும் கேட்டதில்லை. சமையல்காரர் சொன்னார். ஸ்டோர்கீப்பர் திரும்பி ஓடினார். டீ ஆறுகிற நேரத்துக்குள் பளபளவென்று புது ஜோடி வந்துவிட்டது. பின்னாலேயே கிடங்கு அதிகாரியும் வந்தார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா வேகத்தை? கிடங்கு தூங்குதுன்னு பேசுறவங்க இதை வந்து பாக்கணும். இறுதி மரியாதைன்னா முழுச் சீருடை இருந்தாகணும். இதுக்குப் பழைய ஜோடி கேக்கற வழக்கம் கிடையாது. செத்தவங்களைப் போய் அலைக்கழிக்க முடியுமா? அந்த அளவுக்கு நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "மரியாதை முடிஞ்சதும் கழட்டிக் கொண்டு வந்துடணும். இது காட்சிக்கு வச்சிருக்கற ஜோடி," என்றார்.

பூட்ஸைச் சமையல்காரரே மாட்டிவிட்டார். கஷ்டமே இல்லாமல் போயிற்று. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சவப்பெட்டி தங்கை வீட்டுக்குப் போனது. சமையல்காரரும் போனார். பூட்ஸைத் துணையில்லாமல் அனுப்ப முடியாது என்பதால் ஸ்டோர்கீப்பரும் கூடவே போனார். மாடியில் ஒரே அறை. கொடியில் காயப்போட்ட துணியை அவசரமாக உருவி மூலையில் போட்டிருந்தார்கள். பெட்டி உள்ளே வருவதற்காக மேசையை வெளி வராந்தாவுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஓர் அதிகாரி, கிடங்கின் இரங்கல் உரையைப் படித்தார். ராணுவம் தன் பிள்ளைகளுக்கு எதையும் குறை வைத்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது.

தங்கை அழுது அழுது ஓய்ந்து, பெட்டியின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். பூட்ஸைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல பூட்ஸ்தான் அண்ணா. அவர் எழுதினப்போ நான் நம்பவே இல்ல. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றாருன்னு நெனச்சேன்."

சமையல்காரர் தலையை ஆட்டினார்.

உரை முடிந்தது. மரியாதை முடிந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பூட்ஸின் லேஸைப் பிடித்து இழுத்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க சார்," என்றாள் தங்கை. "அவருக்குக் குளிர் தாங்காது."

ஸ்டோர்கீப்பரின் கை அப்படியே நின்றது. அவர் சமையல்காரரைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவிழ்த்த லேஸைத் திரும்பவும் கட்டினார். இறுக்கிக் கட்டி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டார். பெட்டியை மூடினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது, மாடிப்படியில் ஸ்டோர்கீப்பர் சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. "இப்ப நான் என்ன பண்றது? ஒரு ஜோடி குறையுதே. எத்தனையோ வருஷமாக் குறையாதது என் கையில குறையுது. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குங்க."

சமையல்காரர் அவரையே பார்த்தார். படியில் உட்கார்ந்தார். குனிந்து தன் இரண்டு பூட்ஸையும் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

ஸ்டோர்கீப்பர் அவற்றைத் திருப்பி அடியைப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். முகத்தில் உயிர் வந்தது.

"போதும்ங்க. பழைய ஜோடிதானே வேணும்? யாரோடதா இருந்தா என்ன? அளவைப் பத்தி விதியில ஒண்ணுமே இல்ல. இதை நீங்க முதல் தடவையே குடுத்திருந்தா, அன்னைக்கே அவர் சைஸுக்குப் புதுசு எடுத்துக் குடுத்திருப்பேனே!"

சமையல்காரர் நிமிர்ந்தார். "என்னோடதா?"

"ஆமா. நீங்க எப்பவும் அடுப்புப் பக்கத்துலதானே நிக்கிறீங்க? உங்களுக்கு எதுக்கு பூட்ஸ்?"

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே," என்றார் ஸ்டோர்கீப்பர். நிஜமாகவே அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பூட்ஸின் லேஸ்களை ஒன்றோடொன்று முடிந்து தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

உள்ளேயிருந்து தங்கை "அண்ணா" என்று கூப்பிட்டாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். சமையல்காரரால் எழுந்திருக்க முடியவில்லை.